பிசாகாவின் நன்னீர்ப் படகு

கடலை ஒட்டிய சிப்சா ஆற்றில் தண்ணீருக்கு என்றைக்கும் குறைவில்லை. குடிக்கத்தான் முடியாது. நல்பாரி ஊரைச் சுற்றி நாலு பக்கமும் ஆறுதான். கரை மேட்டில் நின்றால் எதிர்க்கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். ஒரு கை அள்ளி வாயில் வைத்தாலோ, உப்பு. அடிகுழாயும் உப்பு. மழையில் பிடித்து வைத்த தண்ணீர் மாசி மாதத்தோடு தீர்ந்துவிடும். அதற்கப்புறம் அடுத்த மழை விழும்வரை ஊர் நம்பியிருந்தது பிசாகாவின் படகைத்தான்.

முதலில் அது அவள் புருஷன் அதுலின் படகு. அதுல் கோடையில் தண்ணீர் ஏற்றுவான், குளிர்காலத்தில் ஈச்சமரம் ஏறிப் பதநீர் இறக்குவான். ஒரு மார்கழி விடியற்காலை பனியில் கால் வழுக்கி மரத்திலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தான், ஆனால் கோல் இல்லாமல் நடக்க முடியாது, துடுப்பு வலிக்கவே முடியாது என்று ஆகிவிட்டது. படகு இரண்டு மாதம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. மாசி பிறந்ததும் ஊர்ப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நின்றார்கள்.

"நான் போறேன்" என்றாள் பிசாகா. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

மாமியார் குமுதினிக்கு மூச்சே நின்றுவிட்டது. "நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஆத்துல துடுப்புப் போட்டதா சரித்திரமே கிடையாது, பௌமா." மருமகளை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நம்ம வீட்டு ஆம்பளைங்க மரத்துலேர்ந்து விழுந்ததாவும் சரித்திரம் கிடையாதேம்மா. நடந்துடுச்சே."

குமுதினி அந்தப் படகில் காலை வைக்கமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டாள். மருமகளிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

அதுல் கரையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, கோலை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொடுத்தான். முதல் நாள் படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. பயணிகளை ஏற்றிச் செல்லும் மோட்டார் படகுக்காரர் ஜப்பார் காஜி வேகத்தைக் குறைத்து, வேண்டுமென்றே பக்கத்தில் வந்தார்.

"பௌதி," என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டார். "ஆத்தைக் கடைஞ்சு வெண்ணெய் எடுக்கிறீங்களா?"

"எடுத்ததும் உங்க வாயில முதல் உருண்டை போடுறேன் ஜப்பார் பாய். அதுவரைக்கும் அதை மூடிக்கிட்டுப் போங்க!"

படகில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜப்பாரும் சிரித்துவிட்டார். அன்று முதல் இருவருக்கும் வாய்ச்சண்டை வழக்கமாகிவிட்டது.

ஒரே மாதத்தில் பிசாகாவின் கைக்குத் துடுப்பு பழகியது. ஓதம், அதாவது கடல் ஏற்றம், வடியும்போது கிளம்பினால் நீரோட்டமே படகைத் தெற்கே இழுத்துக்கொண்டு போகும். இரண்டு மணி நேரத்தில் ராய்திகி. அங்கே எந்தக் காலத்திலோ வெட்டிய பெரிய குளம், உயரமான கரை, கல்படிக்கட்டு. சேலைத் துணியை நாலாக மடித்து டிரம் வாயில் கட்டி, ஒவ்வொன்றாக நிரப்புவாள். முப்பது லிட்டர் பிடிக்கும் நீல டிரம் இருபத்துநாலு. மூடும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு குடித்துப் பார்ப்பாள். பிறகு ஓதம் திரும்பும்வரை படகிலேயே காத்திருப்பாள். பழையதும் பச்சை மிளகாயும் சாப்பிடும் நேரம் அது. ஆறு போவதா வருவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். சேற்றில் சிவப்பு நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து பார்க்கும். நடு ஆற்றில் ஓங்கில் மீன் ஒன்று முதுகைக் காட்டிவிட்டு மறையும். வீட்டில் யாரும் கூப்பிட முடியாத அந்த அரைமணி நேரம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. பிறகு ஏறும் ஓதத்தோடு வடக்கே திரும்பிவிடுவாள்.

இப்படி ஆறு வருஷம் போயிற்று.

ஏழாவது வருஷம் பங்குனிக் கடைசியில் ராய்திகியில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். குமுதினிக்கு வலது கண்ணில் புரை. ஜப்பாரின் படகில் போய் அறுவை செய்துகொண்டு மூன்று நாள் அங்கேயே தங்கினாள். திரும்ப வேண்டிய நாளில் ஜப்பாரின் மோட்டார் பழுது. வேறு வழியில்லை. கண்ணில் பஞ்சுக் கட்டு, அதன்மேல் கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் சந்தையில் வாங்கிய பெரிய அலுமினியப் பானை, இந்தக் கோலத்தில் மருமகளின் படகு முன்னால் வந்து நின்றாள்.

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். தெறிக்காம ஓட்டு."

"ஆத்துக்கிட்ட சொல்லி வைக்கிறேம்மா."

"இந்த வாய்க்குத்தான் உன்னை யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல."

டிரம்களுக்கு நடுவே இடம் செய்துகொண்டு குமுதினி உட்கார்ந்தாள். ஓதம் ஏற ஆரம்பித்திருந்தது. படகு நகர்ந்தது. கிழவி கொஞ்ச தூரம் கரையைப் பார்த்தாள், கொஞ்ச தூரம் பானையைப் பார்த்தாள், அப்புறம் மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிசாகா நின்றபடி உடம்பை முன்னால் சாய்த்துச் சாய்த்துத் துடுப்பு வலித்தாள்.

"தினம் இப்படித்தானா?"

"மழை வர்ற வரைக்கும் தினம்."

குமுதினி பானையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

நாலில் மூன்று பங்கு தூரம் தாண்டியிருக்கும். காற்று சட்டென்று நின்றது. கொக்குகள் கூட்டமாகத் தாழப் பறந்து காட்டுக்குள் போயின. வடமேற்கில் வானத்தின் அடியில் மை கொட்டியதுபோல ஒரு கறுப்பு எழுந்தது. அந்த மாதத்துப் புயற்காற்று அது. அரைமணிக்குமேல் நிற்காது, ஆனால் அந்த அரைமணியில் பெரிய படகையே கவிழ்த்துவிடும். இரண்டு கரையும் எட்டாத தூரத்தில் இருந்தன. பிசாகாவின் படகோ விளிம்புவரை பாரம். விளிம்புக்கும் ஆற்றுக்கும் ஒரு சாண்கூட இல்லை. நாலு அலை உள்ளே விழுந்தால் போதும்.

"டிரம்மைத் தூக்கிப் போட்டுடு பௌமா" என்றாள் குமுதினி. "உசிருதான் முக்கியம்."

பிசாகா ஒரு டிரம்மை அருகே இழுத்தாள். ஊரில் காலையிலேயே பானைகள் காலி. இதைக் கொட்டினால் நாளை சாயங்காலம்வரை குழந்தைகளுக்கு என்ன கொடுப்பது? மூடியைத் திருகக் கை வைத்தவள் அப்படியே நின்றாள். போன வருஷம் படகில் ஏற்றும்போது ஒரு டிரம் கை நழுவி ஆற்றில் விழுந்தது நினைவுக்கு வந்தது. மூழ்கிவிட்டது என்றுதான் நினைத்தாள். அது கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஆடி ஆடி நின்றது. உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீர் மிதக்கிறதே என்று அன்று தனியாகச் சிரித்திருந்தாள்.

"அம்மா, அந்தக் கயித்தை எடுங்க! சீக்கிரம்!"

கயிற்றின் ஒரு முனையைப் படகின் மூக்கில் கட்டினாள். மூடிகளை இறுக்கி, ஒவ்வொரு டிரம்மின் கைப்பிடியிலும் ஒரு முடிச்சுப் போட்டு, ஆற்றில் தள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று. குமுதினியும் பானையை வைத்துவிட்டு, டிரம்களை முழங்காலால் உருட்டி உருட்டி அருகே கொண்டுவந்தாள். பதினாறு டிரம்கள் ஆற்றில் இறங்கின. எட்டை மட்டும் படகின் அடியில் கிடத்தினாள். படகு நாலைந்து விரல் மேலே எழுந்தது.

கட்டி முடிக்கவும் காற்று வந்து அறையவும் சரியாக இருந்தது.

ஆறு வெள்ளையாக மாறியது. காற்று படகைத் தெற்கே தள்ளியது. நீருக்குள் அமிழ்ந்து மிதந்த டிரம்களையோ ஓதம் வடக்கே இழுத்தது. நடுவில் கயிறு விறைத்து, படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகப் பிடித்து நிறுத்தியது. பிசாகா இதை எதிர்பார்த்துச் செய்யவில்லை. ஆனால் படகு பக்கவாட்டில் திரும்பாமல், ஒவ்வொரு அலையையும் நேருக்கு நேர் ஏறி இறங்குவதைக் கண்டாள். துடுப்பை உள்ளே போட்டுவிட்டு வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தாள்.

மழை சரளைக்கல் எறிவதுபோல் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் மாமியாரின் தலையைக் காணோம். தோளுக்குமேல் அலுமினியப் பானைதான் இருந்தது.

பானைக்குள்ளிருந்து ஆற்றுத் தெய்வத்தையும் காட்டுத் தெய்வத்தையும் கூப்பிடும் குரல் வந்தது: "மா கங்கா! மா பொன்பீபி! பௌமா, இருக்கியா?"

"இருக்கேன்!"

"இறைக்கிறியா?"

"இறைக்கிறேன்!"

"இறை!"

கயிறு நடுவில் அறுந்தபோது காற்று தணிய ஆரம்பித்திருந்தது. முனையில் இருந்த ஆறு டிரம்கள் விடுபட்டு ஓதத்தோடு வடக்கே போயின.

நல்பாரித் துறையில் ஊரே நின்றுகொண்டிருந்தது. மழைத் திரை விலகியதும் முதலில் கண்ணில் பட்டது அந்த நீல டிரம்கள்தான். ஒரே கயிற்றில் கோத்தபடி ஆறும் மிதந்து வந்தன. படகு இல்லை. அதுல் கோலைக் கீழே போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினான். முழங்கால், தொடை, இடுப்பு என்று நீர் ஏறியது.

"அதுல்! திரும்பி வாடா! உன்னால முடியாது!" ஜப்பார் பின்னாலேயே குதித்து அவன் தோளைப் பிடித்தார்.

"விடுங்க பாய். அது அவ கட்டின முடிச்சு. நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு."

மிதந்து வந்த முதல் டிரம்மை அவன் கட்டிக்கொண்டு நின்றான். அப்போது கரை மேட்டில் இருந்த ஒரு பெண் கத்தினாள்: "அதோ! அதோ பாருங்க! தலையில பானையோட யாரோ!"

ஆற்று வளைவில் படகு திரும்பியது. முன்னால் பானையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் குமுதினி. பின்னால் பிசாகா, சேலை உடம்போடு ஒட்டியிருக்க, மெதுவாகத் துடுப்பு வலித்தாள். பக்கவாட்டில் பத்து டிரம்கள் வாத்துக்குஞ்சுகள்போல வந்தன. கரையில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக எழுந்தன.

"பௌதி," என்று ஜப்பார் இடுப்பளவு நீரில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டிரம்மை முன்னால அனுப்பிட்டுப் பின்னால வர்றது என்ன பழக்கம்? எங்க உசிரு போயிடுச்சு."

"உங்க மோட்டார் ஓடியிருந்தா அம்மா உங்க படகுல வந்திருப்பாங்க. அப்ப என் பக்கம் டிரம் உருட்ட யார் இருந்திருப்பா? நல்லதுக்குத்தான் பழுதாச்சு, போங்க."

குமுதினியை நாலு பேர் தாங்கி இறக்கினார்கள். கண் கட்டு காய்ந்தே இருந்தது. அவள் நேரே மகனிடம் போனாள்.

"ஆறு வருஷமா இவ என்ன பண்றான்னு நான் பார்க்கலடா" என்றாள். "இன்னிக்குத்தான் பார்த்தேன். ஒத்தைக் கண்ணால."

வெளிச்சம் இருக்கும்போதே டிரம்களை ஆற்றிலிருந்து ஏற்றி, வெளிப்புறத்து உப்பைத் துடைத்துத் திறந்தார்கள். வழக்கம்போல் பிசாகா ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் மூடி இளகி உப்பு புகுந்திருந்தது. மற்ற இருபத்துமூன்றும் ராய்திகித் தண்ணீராகவே இருந்தன. பெண்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். சிலர் அங்கேயே கையில் ஊற்றிப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் பிசாகா சாப்பிட உட்கார்ந்தாள். தட்டில் சோறு போட்டுக்கொண்டாள், பிசைய முடியவில்லை. அதுல் கடுகெண்ணெயைச் சூடுபண்ணி வந்து அவள் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடத்தைச் சுற்றி மெல்லத் தேய்த்துவிட்டான். குமுதினி சோற்றை உருட்டி நாலு வாய் ஊட்டினாள். ஐந்தாவது வாய்க்குப் பிசாகா வாய் திறக்கவில்லை. தூணில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.