உடைகிற சத்தம்

கனகசிங்கம் அண்ணன் மூன்றாவது தடவையாகவும் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு காத்தான்குடியில் என் கடை வாசலில் வந்து நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடமாக ரேடியோவும் அம்பிளிபயரும் திருத்துகிறவன் நான். ஒரே பொருள் மூன்று தரம் திரும்பி வந்தால் முனாப்புக்குக் கைவேலை மறந்துபோச்சு என்று ஊர் பேசும்.

அது தோளில் மாட்டுகிற கிற்றார் இல்லை. மேசை மாதிரி நான்கு காலில் நிற்கும். பத்துக் கம்பிகளும் படுத்திருக்கும். அவற்றின்மேல் ஓர் உருக்குத் துண்டை நகர்த்தி வாசிக்க வேண்டும். இடது கால் மிதிகளை அழுத்தினால் கம்பி இழுபட்டுச் சுரம் மாறும். வலது காலுக்கு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெடல். பஹ்ரைனில் ஒரு ஹோட்டல் களஞ்சியத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர், அங்கே வாசித்த பிலிப்பீன்காரனிடம் பழகி, அவன் ஊருக்குப் போகும்போது கொடுத்ததைத் தன் ஊரான தேற்றாத்தீவுக்குக் கொண்டுவந்தார். இப்போது வயது அறுபத்துநான்கு. பிள்ளைகள் இல்லை. மனைவி இரத்தினம்மா போன மாசியில் காலமாகிவிட்டார். விஜிதரனின் கலியாண வீட்டு இசைக்குழுவில் வாசிப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

"சத்தம் உடையிது தம்பி," என்றார். எதையும் அவர் இப்போது இந்தக் குரலில்தான் சொல்வார், பஸ் நேரம் சொல்கிற மாதிரி. "இன்னொரு கலியாணத்தில இப்பிடி எண்டா வரவேணாமெண்டு விஜிதரன் சொல்லிட்டான்."

"பிக்கப்ப ரெண்டு தரம் பாத்திட்டனே அண்ணன்."

"மறுகாவும் பாருங்க."

பார்த்தேன். பிக்கப் என்பது கம்பிகளுக்குக் கீழே இருக்கிற காந்தம். அதைச் சுற்றித் தலைமயிரை விட மெல்லிய செம்புக் கம்பி. அதிர்வைப் பிடித்து அம்பிளிபயருக்கு அனுப்புவது அதுதான். கம்பிகளுக்குக் கிட்ட வந்துவிட்டதோ என்று முதல் தடவை அதைக் கீழே இறக்கிவிட்டேன். இரண்டாம் தடவை வயர் செருகுகிற ஜாக்கை மாற்றி, ஈயம் விட்ட இடங்களைத் திரும்பப் பற்றவைத்தேன். இந்தத் தடவை மீற்றர் வைத்துச் சுருளை அளந்தேன். ஒரு குறையும் இல்லை. கடை அம்பிளிபயரில் போட்டால் சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது.

"இஞ்ச நல்லாத்தான் கேக்குது. வீட்டதான் உடையிது," என்றார்.

என்ன மடையன் நான்! பாரம் என்று அவர் அந்தப் பெடலை ஒரு தடவையும் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு அவரோடு தேற்றாத்தீவுக்குப் போனேன்.

வீட்டில் அவர் வாசிக்க, சத்தம் உடைந்தது. நான் அதே கதிரையில் இருந்து பெடலைப் பாதி மிதித்துக் கம்பியைக் கிள்ளினேன், சுத்தமாக வந்தது. பெடலை அடிவரை மிதித்தேன், உடைந்தது. பாதி மிதியில் தொடங்கி, சத்தம் அடங்க அடங்க மெல்ல அழுத்துவதுதான் முறை. அதை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான்.

திரும்ப அவரை இருத்திவிட்டு நிலத்தில் குந்தினேன். வலது கால் பெடலை அடியோடு அமத்திக்கொண்டிருந்தது.

"அண்ணன், காலக் கொஞ்சம் தூக்குங்க."

"தூக்கித்தானே வச்சிரிக்கன்."

அந்தக் காலைப் பிடித்துத் திருப்பினேன். சின்ன விரலடியில் ஒரு சிப்பி ஓட்டுத் துண்டு ஏறி, சுற்றிவரக் கறுத்து, சீழ் வைத்திருந்தது.

"இது எப்ப குத்தின?"

"எது?"

வாயில் வந்தபடி ஏசினேன். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் தந்த குளிசைகள் அலுமாரியில் அப்படியே கிடந்தன. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் உள்ளங்காலில் ஏழு இடத்தில் குத்தி, தெரிகிறதா என்று கேட்டார். ஏழு தரமும் இல்லை என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப பிக்கப்பில பிழை இல்லையா?" என்று கேட்டார்.

சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. அவர் வீட்டுக்கு வந்ததும் நான் போய்ப் பெடலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டைச் செருகினேன். இனி எவ்வளவு மிதித்தாலும் பாதிக்கு மேல் இறங்காது. வாசித்தார்; சுத்தமாக இருந்தது. போனில் கேட்டுக்கொண்டிருந்த விஜிதரன், ஆவணிக் கலியாணத்துக்கு வரச் சொன்னான். அதற்கும் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

எனக்கு மட்டும் ஒரு கணக்கு இடித்தது. "கால் உணர்வு போய் ரெண்டு மூணு வருசமெண்டு டொக்டர் சொன்னாரே அண்ணன். சத்தம் பங்குனியிலதானே உடையத் தொடங்கின?"

உருக்குத் துண்டை ஒரு பக்கம் வைத்தார்.

"அவள் குசினிக்குள்ள சமைச்சபடி நிண்டு கத்துவாள், காது வெடிக்குது குறைங்க எண்டு. கலியாண வீட்டுக்கும் கூட வந்து, பின்னால இருந்து முதுகில தட்டுவாள். அவள் நிப்பாட்டும் வரைக்கும் நான் காலை இழுப்பன்."

சொல்லிவிட்டுக் குனிந்து அந்தப் பலகைத் துண்டை இழுத்தெடுத்தார். பெடலை மிதித்து ஒரு கம்பியைத் தட்டினார். உடைந்த சத்தம் தகரக் கூரையில் போய் அடித்தது. இன்னொரு தரம் தட்டினார். குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானாவது குறைங்க என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம்.

அவர் அழுதார் என்று எழுத ஆசைதான். அழவில்லை. சத்தம் அடங்கியதும் பலகைத் துண்டைத் திரும்ப இடத்தில் வைத்து, சரியாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார்.