முதலாளி தைத்த பை

தாராவியில் தோல் பைப் பட்டறை நடத்தும் ஒரு பாயின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் முதன்முதலாகப் பெண்களைத் தையல் மிஷினில் உட்கார வைத்தவர் அவர். எங்கள் பகுதி மாறிய கதையைச் சொல்ல இவரைவிடத் தோதான ஆள் கிடைக்க மாட்டார் என்பது என் கணக்கு.

பாய் இந்தியில் ஆர்டர் பிடிப்பார், மராத்தியில் சண்டை போடுவார். தமிழ் பேசுவதோடு சரி, வாசிக்க வராது. பிள்ளைகளுக்கும் அப்படியே. அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் மதியம் மிஷின்கள் ஓய்ந்து சாப்பாட்டு டப்பாக்கள் திறக்கும் நேரத்தில், பட்டறையிலேயே சத்தமாக வாசிப்பேன். அவர் தலையாட்டினால்தான் அச்சுக்குப் போகும் என்பது பேச்சு. ஜனங்களின் வாயைப் பார்த்தே எழுதக் கற்றவன் நான். எனக்கும் அது வசதிதான்.

அன்று, பெண்கள் வேலைக்கு வந்த அத்தியாயம். "பெண்களின் திறமையை உணர்ந்த பாய், துணிந்து கதவைத் திறந்துவிட்டார்" என்று குரலைக் கொஞ்சம் ஏற்றி வாசித்தேன். பாய் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

தையல் வேலையில் மூத்தவரான அக்கா நிமிர்ந்து, சோற்றுக் கையாலேயே பாயைக் காட்டினார்.

"யாரு, இவிய தொறந்தாவளா? தம்பி, கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆம்பளைய பூராவும் ஊருக்கு ரயிலேறிட்டாவ. ஆர்டர் அப்படியே கெடக்கு. நாங்க தைக்கோம்னு சொன்னோம். பொம்பளைய மிஷின்ல ஒக்காரக் கூடாதுன்னுட்டு இவியளே ஒக்காந்தாவ. கைப்பிடியெல்லாம் ஜோரா வச்சி, பையோட வாயையும் சேத்துத் தச்சிட்டாவ! சாமான எது வழியா வைக்கதுன்னு கேட்டேன். அதுக்குப் பொறவுதான் எந்திரிச்சு எடம் விட்டாவ."

பட்டறையே சிரித்தது. பாய் சிரிக்கவில்லை.

"இது புக்குல வந்துச்சுன்னா எனக்குப் புக்கே வேண்டாம்வே. மார்க்கெட்ல ஒரு பய மதிப்பானா?"

"வரலைன்னா புக்குல இருந்து எங்க போட்டோவ எல்லாம் எடுத்துருங்க தம்பி" என்றார் அக்கா. "நாங்க கேட்டு வாங்குன எடத்த, இவிய தானமா குடுத்த மாதிரிலா இருக்கு."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அக்கா சொன்னதை விட்டால் என் புத்தகம் பொய். வைத்தால் புத்தகமே இல்லை. சமூக மாற்றத்தை எழுத வந்தவன் ஒரு பையின் வாயில் சிக்கிக்கொண்டு, பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

பாய்க்குப் பொறுக்கவில்லை. "முழுசாவா தச்சேன்? ஓரத்துல கொஞ்சம் எடம் இருந்துச்சுல்லா?"

"இருந்துச்சு பாய். தீப்பெட்டி போகும்."

இந்த முறை பாயாலும் அடக்க முடியவில்லை. குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதித் தொலையும்வே. இந்தம்மா கேட்டுச்சு, இந்தம்மா தச்சுது, அப்படியே போடும். ஆனா என் தையல் நேரா இருந்துச்சுன்னு ஒரு வரி சேத்துக்கிடும்" என்றார்.

"நேராவா!" என்று அக்கா எழுந்தார்.

அடுத்த சண்டை தொடங்குவதற்குள் எழுதி முடித்துவிட்டேன்: "தையல் நேராகத்தான் இருந்தது என்று பாய் சொல்கிறார்."