கிற்றார் மாமா வாசிக்காத வெள்ளிக்கிழமை

தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் வானொலிகூடப் பாடாது. திருநீற்றுப் புதனன்று காலையில் அப்பா அதன் வயரைக் கழற்றிச் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார். பிறகு உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து வந்துதான் இறக்குவார். இடையில் கலியாண வீட்டுக்குப் போவதில்லை, பிறந்தநாள் கேக் இல்லை, வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லை. மன்னாரில் தன் தாய் தகப்பன் எப்படி இருந்தார்களோ அப்படியே இத்தாலியில் பலேர்மோவிலும் இருப்பார். கடல் தாண்டினாலும் தவக்காலம் தவக்காலம்தான் என்பார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கிற்றாரும் ஆட்டமும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒரு மனிதர் வந்தார் என்றால், நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கால்சாவில், துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு பழைய பெரிய வீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தோம். முந்தி பிரபுக்கள் இருந்த வீடாம். எங்கள் காலத்தில் கூரை ஒழுகும், படிக்கட்டில் பூனைகள் குட்டி போடும். அப்பாவுக்கு மாடிப்படிகள் கழுவும் வேலை. அம்மா பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாத் தெருவில் ஒரு வயதான இத்தாலியச் சின்னோராவைப் பார்த்துக்கொண்டா. எங்களுக்கு மேலே யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் குடும்பத்தோடு இருந்தா; அவர்கள் சைவ சமயம், நாங்கள் வேதம், அதாவது கத்தோலிக்கர். அதற்கும் மேலே, கூரைக்குக் கீழே இருந்த அறையில்தான் கிற்றார் மாமா.

வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். தாய் தகப்பன் மெக்சிக்கோவிலிருந்து போனவர்கள். "நான் சிக்கானோ" என்று நெஞ்சில் தட்டிச் சொல்லுவார். அமெரிக்காவில் வளர்ந்த மெக்சிக்கோப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பெயராம். கால்சாப் பெண் ஒருத்தியைக் கலியாணம் முடித்து இங்கே வந்து சேர்ந்திருந்தார். அவருடைய சொத்து ஒரு சின்னக் கிற்றாரும், குட்டைக் கால் வைத்த ஒரு பலகையும். பின்னேரங்களில் பலகையை முற்றத்தில் போட்டு, அதன்மேல் சப்பாத்துக் காலால் தட்டித் தட்டி ஆடிக்கொண்டு பாடுவார். எல்லாம் அவருடைய தகப்பனின் கடற்கரை ஊர்ப் பாட்டுகள். ஒருவர் ஓர் அடி பாடினால், அடுத்தவர் தன் வாயில் வந்ததைக் கட்டிப் பாடவேண்டும். தோட்டத்தில் பழம் பிடுங்குகிறவர்களையும், வாடகைக்கு இருக்கிறவர்களையும் இந்தப் பாட்டைக் கொண்டுதான் அமெரிக்காவில் ஒன்றுசேர்த்தாராம். கூட்டம் என்று சொன்னால் நாலு பேர் வருவார்கள், பாட்டு என்று சொன்னால் தெருவே வரும் என்பது அவர் கணக்கு.

"நல்ல மனுசன். கால்தான் சும்மா இராது" என்பா அம்மா.

அந்த ஆண்டு தவக்காலத்தின் நடுவில் வீட்டுக்காரரின் ஆள் ஒருவன் வந்து படிக்கட்டில் நின்றபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனான். வீடு விற்கப்படப் போகிறது. திருத்தி உல்லாசப் பயணிகளுக்கு அறைகளாக விடப்போகிறார்கள். வருகிற வெள்ளி பின்னேரம் வீட்டுக்காரர், வாங்குகிற மிலானோ மனிதரைக் கூட்டிவந்து எல்லா அறையையும் அளப்பார். கோடைக்கு முன் எல்லாரும் வீட்டை விட்டு எழும்பவேண்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் எங்கள் குசினியில் கூடினார்கள்.

"வீடு போனா விலாசம் போச்சு" என்றார் அப்பா. "விலாசம் இல்லாமல் இஞ்சை இருக்க விடுற பெர்மெசோவை என்னெண்டு புதுப்பிக்கிறது? எங்களுக்கு ஆர் இப்ப வீடு தருவான்?"

அந்த நேரம் பார்த்துத்தான் கிற்றார் மாமா தன் கிற்றாரோடு உள்ளே வந்தார். அவருடைய இத்தாலியனில் பாதி ஸ்பானியம். அப்பாவுடைய இத்தாலியன் வேலைக்கு மட்டும் காணும். ஆகவே மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. மாமா கை காலெல்லாம் ஆட்டி நீளமாகப் பேசினார். எங்கள் ஊரிலும் இப்படிக் கலைக்க வந்தார்கள், நாங்கள் வாசலில் பலகையைப் போட்டுப் பாடினோம், பாடிக்கொண்டிருக்கிற சனத்தை லேசில் கலைக்க முடியாது, தெரு முழுக்கப் பார்க்கும் என்றெல்லாம் சொன்னார். நான் அதைச் சுருக்கினேன்.

"அப்பா, வெள்ளிக்கிழமை வாசல்லை பலகையைப் போட்டு எல்லாரும் ஏறி ஆடினா வீடு போகாதாம்."

"ஆர் சொன்னது?"

"மாமாதான்."

"உவருக்கென்ன விசரே? தவக்காலத்து வெள்ளியிலை ஆட்டமோ? ஆண்டவர் சிலுவையிலை தொங்கேக்கை நான் பலகையிலை குதிக்கிறதோ? வீடு போனாப் போகட்டும், பிள்ளை. சொல்லு அவருக்கு."

அப்பாவுக்குப் பலகை பிடிக்கவில்லை என்று நான் மாமாவுக்குச் சொன்னேன்.

"எனக்குத் தவக்காலம் இல்லைத்தானே, நான் ஆடுறன்" என்றா மேல்வீட்டு அன்ரி.

"அக்கா, உங்கடை முழங்காலையும் ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ" என்றா அம்மா. குசினியில் முதல்முறையாக எல்லாரும் சிரித்தார்கள்.

மாமாவும், விளங்காமலே, கூடச் சிரித்தார். பலகை வேண்டாம், கிற்றார் மட்டும் வாசிக்கட்டுமா என்று கேட்டார். அதுவும் கூடாது என்றார் அப்பா. கை தட்டிப் பாடலாமா? கூடாது. மாமா தாடியைச் சொறிந்துகொண்டார். பிறகு, இந்த நாட்களில் நீங்கள் என்னதான் பாடுவீர்கள் என்று கேட்டார்.

"என்னத்தைப் பாடுறது? பசாம்தான்" என்றார் அப்பா. "ஆண்டவர் பட்ட பாடுகளைச் சொல்லிச் சொல்லிப் புலம்புறது. அது பாட்டில்லை. அழுகை."

"அதைப் பாடுங்கள்" என்றார் மாமா.

அப்பா வெட்கப்பட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா பீங்கான் கழுவிக்கொண்டு நின்றவ, திரும்பாமலே தொடங்கினா. செத்த மகனை மடியில் கிடத்தி வைத்துக்கொண்டு, உன்னைத் தூக்கி வளர்த்த கைக்கு இனி என்ன வேலை மகனே என்று மாதா கேட்கிற இடம். தண்ணீர்க் குழாய் திறந்தபடியே இருந்தது. அம்மாவின் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமா கிற்றாரை முதலில் மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு அதையும் எடுத்துக் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டார்.

"தங்கச்சி, எனக்கு உங்கடை பசாம் தெரியாது" என்றா அன்ரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஆனா ஒப்பாரி எண்டாச் சொல்லுவன். தாய் பிள்ளையைப் பறிகுடுத்தது தானே, அதுக்கென்ன வேதமும் சைவமும்?"

அதுதான் செய்யவேண்டியது என்றார் மாமா. வாசல் கதவை அகலத் திறந்துவைத்துப் பாடுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. கேட்ட ஒன்றையாவது அப்பா கொடுத்திருக்கலாம் என்று பட்டது.

ஆனால் மாமா சோர்ந்து போகவில்லை. அடுத்த நாளிலிருந்து என்னையும் கூட்டிக்கொண்டு, ஒரேத்தோ ஆறு வரைக்கும் நடந்து, தமிழ் வீடு எல்லாம் ஏறி இறங்கினார். வெள்ளிக்கிழமை வாருங்கள், கறுப்பு உடுத்துக்கொண்டு வாருங்கள், வீட்டுக்காக மாதாவிடம் மன்றாடப் போகிறோம் என்று நான் சொல்லுவேன். அவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். பின்னேரங்களில் அம்மா குசினியில் பெண்களுக்கு அடி சொல்லிக் கொடுத்தா.

வெள்ளி வந்தது. அப்பா கீழ் வாசல் மண்டபத்தில் மேசையைப் போட்டு வெள்ளைத் துணி விரித்து, எங்கள் பெரிய பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்குகிற ஆண்டவரை, அதன்மேல் கிடத்தினார். ஊரில் பெரிய வெள்ளியில் பாதத்தை முத்தமிட்டு முத்தி செய்ய அப்படித்தான் வைப்பார்களாம். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மெழுகுதிரி. சுற்றி வெள்ளைப் பூ. பெண்கள் எல்லாரும் கறுப்பில், தலையில் முக்காடு போட்டு நிலத்தில் இருந்தார்கள். அம்மா தொடங்கினா. கூட்டம் எடுத்தது. அன்ரி இடையில் புகுந்து தன் ஒப்பாரியை இழுத்தா.

நாங்கள் ஒருவரும் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. தெருவிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்த இருட்டு மண்டபத்தில் மேசையும் துணியும் திரியும் கறுப்பு உடுத்த சனமும் தெரியுமே தவிர, மேசையில் கிடக்கிறது யார் என்று தெரியாது.

முதலில் மரக்கறிக் கடைக்காரர் தன் கடை இரும்புக் கதவைப் பாதி இறக்கினார். பலேர்மோவில் செத்த வீட்டுக்கு அப்படித்தான் மரியாதை செய்வார்கள். மீன்காரக் கிழவர் தொப்பியைக் கழற்றினார். மாடிகளிலிருந்து பெண்கள் இறங்கி வந்து, அம்மாவைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சித் துக்கம் விசாரித்தார்கள். தங்கள் தெருச் சனம் ஆண்டவருக்காக இவ்வளவு உருகுகிறதே என்று அம்மா நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு "கிராட்சியே, சின்னோரா" என்று நன்றி சொல்லிக்கொண்டே பாடினா.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அப்பாவின் கையைச் சுரண்டினேன்.

"அப்பா, இஞ்சை ஆரோ செத்துப்போச்சினம் எண்டு நினைக்கினம்."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "ஓம், செத்துத்தானே கிடக்கிறார்" என்றார்.

அந்த நேரம்தான் வீட்டுக்காரர் வந்தார். கூடவே மிலானோ மனிதரும், கையில் அளவு நாடாவோடு. வீட்டுக்காரர் கால்சாவிலேயே பிறந்து பிறகு லிபெர்த்தாவுக்குப் போய்ப் பெரிய மனிதரானவர். வாசலைக் கண்டதும் அப்படியே நின்று நெற்றியில் சிலுவை போட்டார். மிலானோ மனிதர் நாடாவைச் சட்டென்று பைக்குள் மறைத்தார். செத்த வீட்டில் யார் அறை அளப்பார்கள்?

வாசற்படியில் பாடாமல் நின்றது நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, யார் செத்தது?"

பொய் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான்.

"யேசு, சின்னோரே" என்றேன்.

என் பின்னால் பாட்டு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எட்டி மேசையைப் பார்த்தார். அவருடைய முகம் தக்காளிபோலச் சிவந்தது. துக்கம் விசாரித்த பெண்களும் அப்போதுதான் மேசைக்குக் கிட்டப் போய்ப் பார்த்து வாயில் கை வைத்தார்கள். எங்களை ஏமாற்றினீர்களா என்று தெரு முழுக்கக் கேட்கப் போகிறது என்று நான் பயந்தேன். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

அதற்கு முன்னே மீன்காரக் கிழவர் வாயைத் திறந்துவிட்டார். கரகரத்த குரலில், சிசிலிக்காரர் பெரிய வெள்ளியில் பாடுகிற தங்கள் புலம்பல் ஒன்றை, தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தொடங்கினார். அம்மாவுக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது. ஆனால் அவர் மூச்சு விட்ட இடத்தில் அம்மா தன் அடியை எடுத்தா. அம்மா விட்ட இடத்தில் அவர் எடுத்தார். அன்ரி இரண்டுக்கும் கீழே தன் குரலைக் கொண்டுபோனா. தெருப் பெண்கள் கிழவரோடு சேர்ந்தார்கள். வீட்டுக்காரர் சுற்றிப் பார்த்தார். அவர் சின்னக் காற்சட்டையோடு ஓடித்திரிந்த காலத்திலிருந்து அவரை அறிந்த முகங்கள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டு பாடின. அவர் போய் முழங்காலில் நின்று சுரூபத்தின் பாதத்தை முத்தி செய்தார். எழும்பி அப்பாவின் தோளில் கை வைத்து, "பாஸ்குவாவுக்குப் பிறகு கதைப்போம்" என்றார். பாஸ்குவா என்றால் உயிர்ப்புத் திருநாள். மிலானோ மனிதர் அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார். அவரை நாங்கள் பிறகு காணவேயில்லை.

சொன்னபடி கதைத்தார்கள். அப்பாவோடு மீன்காரரும், மரக்கறிக் கடைக்காரரும், மாமாவின் மனைவியும் போனார்கள். கூரையைத் திருத்திக் கொடுத்து, வாடகையைக் கொஞ்சம் கூட்டி, எல்லாரையும் இருக்க விட்டார். நான் கலியாணம் முடித்துப் போகும்வரை அதுதான் என் வீடு. மாதாதான் செய்தா என்று அம்மா சொல்லுவா. நானும் அப்படியே நம்புகிறேன். தெருச் சனத்தை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அந்த மாதாதான்.

அந்த வெள்ளி பின்னேரம் எல்லாரும் போனபின் குசினியில் பயறு அவித்துப் பங்கிட்டார்கள். ஒரே ஆரவாரம். மீன்காரர் பாடினதை அன்ரி பாடிக் காட்டினா, அப்பாகூடச் சிரித்தார். நான் மாமாவைத் தேடினேன். அவர் படிக்கட்டில் தனியாக இருந்தார். கிற்றார் உறையை விட்டு வெளியே வரவேயில்லை. கண் கலங்கியிருந்தது.

அன்று பாடாத ஆள் ஒருவரும் இல்லை. மீன் விற்கிறவர்கூடப் பாடிவிட்டார். பாட்டே தொழிலாக இருக்கிற இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றார். அவர் எதற்காக நாடு நாடாக அந்தக் கிற்றாரைச் சுமந்து திரிந்தாரோ, அது அன்று எங்கள் வாசலிலே நடந்து முடிந்திருந்தது என்று ஒன்பது வயதுக்கு எங்கே விளங்கும்? என் பங்குப் பயற்றைக் கோப்பையோடு அவர் கையில் கொடுத்தேன்.

"கவலைப்படாதேங்கோ மாமா. பாஸ்குவாவுக்குப் பிறகு அப்பா உங்களை வாசிக்க விடுவார்" என்று இத்தாலியனில் சொன்னேன்.

அவர் என்னை மிகவும் மரியாதையாகப் பார்த்து, நன்றி சொல்லி, ஒரு மணி மிச்சம் விடாமல் சாப்பிட்டார். மனம் உடைந்திருந்த ஒரு மனிதரைத் தேற்றிவிட்டேன் என்ற பெருமையோடு நான் வெறுங்கோப்பையைக் குசினிக்குக் கொண்டுபோனேன்.