உமி இடித்த கை

எங்கள் வீட்டு நடைக்கதவுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதில் உமி இருக்கும். பல் விளக்கக் கரியாக்குவதற்கு என்று கேட்பவர்களிடம் ஆத்தா சொல்வாள். கரியும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. அந்த உமி நான் இடிப்பதற்கு.

உமியை யாராவது இடிப்பார்களா? நான் இடித்தேன். அறுபதுகளின் நடுவில், அரியக்குடியில், ஒன்றரை வருஷம் இடித்தேன். என் அண்ணன் மதினியை அடிக்கும்போதெல்லாம் நான் உரலில் உலக்கை போட வேண்டும். அடிச் சத்தமும் அழுகைச் சத்தமும் தெருவுக்குப் போகக் கூடாது. வெறும் உரலில் போட்டால் உலக்கைப் பூண் கல்லில் பட்டு டங்கென்று காட்டிக் கொடுத்துவிடும். அரிசி போட்டால் அரிசிக்குக் கேடு. அதனால் இரண்டு கை உமி. ஆத்தா எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பாள்.

வீட்டில் நாங்கள் நாலு பேர்தான். அப்பா போனபின் தச்சு வேலைக்குப் போய் எங்களுக்குச் சோறு போட்டது அண்ணன். காரைக்குடிப் பட்டறையில் அவனுக்கு நல்ல பேர். குடிக்க மாட்டான், வெளியில் ஒருவரை அதட்டிப் பேச மாட்டான். அந்தப் பொறுமையெல்லாம் சைக்கிள் எங்கள் வாசலைத் தொடும்வரைதான். குழம்பில் உப்புக் கூடினால் அடி, குறைந்தால் அடி. சரியாக இருந்துவிட்டால், "இன்னைக்கு மட்டும் எப்புடிடி சரியா வந்துச்சு, நேத்து என்ன நெனப்புல இருந்த?" என்று அதற்கும் அடி. மதினிக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கும். சிங்கம்புணரிக்காரி. அவள் அப்பாவும் தச்சர்தான்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அண்ணன் வருவான். சைக்கிள் ஸ்டாண்டை அவன் காலால் இழுத்துப் போட்டால் பரவாயில்லை. உதைத்துப் போட்டான் என்றால் ஆத்தாவின் கண் நேரே கதவுப் பின்னால் போகும். உலக்கையை எடுத்துக்கொண்டு பின்கட்டு உரலுக்குப் போய் நிற்பேன். அவன் குரல் உயர்ந்ததும் ஆத்தா, "ம், போடு" என்பாள். போடுவேன். அடி நிற்கும்வரை உலக்கையும் நிற்கக் கூடாது. அவன் கை ஓய்ந்தாலும் என் கை ஓயாத நாளெல்லாம் உண்டு, எப்போது நிறுத்துவது என்று தெரியாமல்.

மதினிக்கு வயிற்றில் நாலு மாதம் ஆனபோது ஒரு காலை கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். பின்கழுத்தில் ஒரு கன்றல், சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை எங்கய்யா வாராக. கூட்டம் வச்சுக் கேக்கப் போறாக. ஒன்னையக் கூப்புடுவாக. நீ கண்டதைச் சொல்லு தாயி, வேற ஒண்ணும் வேண்டாம்."

"அண்ணன் என்னையும் அடிக்கும் மதினி."

"ஒரு நாளு அடிக்கும். நான் இங்குட்டே இருந்தா இது தங்காது." வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "புள்ளையோட எங்க ஊருக்குப் போயிடணும். அம்புட்டுத்தான்."

அவள் என்னிடம் வந்து கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆட்களின் கூட்டத்தில் பெண்கள் பேசக் கூடாது. அடி வாங்கியவள் சொல்வதே எடுபடாது. புருஷன் வீட்டு ஆள் ஒருத்தர் வாயால் வந்தால்தான் பெண்ணை அப்பனோடு அனுப்புவார்கள். ஆனால் பெரியவளாகாத பெண்பிள்ளைக்கு மட்டும் ஒரு விலக்கு. அவளை அம்மன் முன்னால் நிறுத்திச் சூடம் கொளுத்திக் கேட்பார்கள். அவள் சொன்னால் அம்மன் சொன்ன மாதிரி, மறுபேச்சுக் கிடையாது. அந்த வீட்டில் வாய் திறந்தால் எடுபடுகிற ஒரே பொம்பளை பதினோரு வயது நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஆத்தா எனக்குத் தலை பின்னினாள். முடியை இழுத்த இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. பின்னிக்கொண்டே, "அண்ணன் ஒரு வார்த்தை போகச் சொல்லிட்டா நாம ரெண்டு பேரும் எங்குட்டுப் போவோம்னு நெனச்சுக்க" என்றாள்.

அம்மன் கோயில் முன்னால் ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மதினியின் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு மாமாவைக் கேட்டார்கள். "எங்களுக்கு ஒலக்கைச் சத்தந்தான் கேக்கும், வேற ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். எதிர்வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சூடம் எரிந்தது. கூட்டத்துப் பெரியவர் குனிந்து, "பயப்புடாம சொல்லு ஆத்தா. மத்தியான நேரத்துல ஒங்க வீட்டுல என்ன சத்தம்?" என்று கேட்டார்.

மதினி கோயில் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அண்ணனின் காலைப் பார்த்தேன். கட்டை விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"மாவு இடிச்சேன்" என்றேன். அதோடு நிறுத்தினேனா? சனியன், நிறுத்தவில்லை. "மதினிக்கு மாவுருண்டை பிடிக்க இடிச்சேன்."

கூட்டமே சிரித்தது. நாத்தனாருக்கு எவ்வளவு பாசம் பார் என்று யாரோ சொன்னார்கள். மதினியை அண்ணன் காலில் விழச் சொன்னார்கள். விழுந்தாள். அவள் அப்பா துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதத்திலேயே கரு கலைந்தது. அன்றைக்கும் உச்சிவெயில், அன்றைக்கும் நான்தான் உரலில். மதினி "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கத்தியது உலக்கைச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. நான் இன்னும் வேகமாகப் போட்டேன். பயத்தில்தான் போட்டேன், ஆனால் போட்டேன். இந்த இரண்டு கைகளால்தான்.

மருத்துவச்சி வந்து போனபின் நான் ஆத்தாவிடம் கேட்டேன், எதற்கு என்னை இடிக்கச் சொல்கிறாய் என்று. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒங்கய்யா என்னைய அடிக்கயில தெருவே கேட்டுச்சு. மறுநாளு தண்ணிக்குப் போனா அம்புட்டுப் பேரும் என் மூஞ்சியப் பாப்பாளுக. எனக்கு இடிக்க ஒரு ஆளு இல்லாமப் போச்சு. இவளுக்காவது அந்தக் கேவலம் வேண்டாமேன்னுதான்."

அவள் மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கெட்டவள் என்று அவளைத் தூக்கிப் போட்டுவிட முடிந்தால் எவ்வளவு லேசாக இருக்கும்.

மறு பங்குனியில் ஒரு நாள் சைக்கிள் ஸ்டாண்டை அண்ணன் உதைத்த உதையில் சைக்கிளே சாய்ந்து விழுந்தது. பட்டறையில் யார் என்ன சொன்னார்களோ. உள்ளே வந்தவன் தட்டைக்கூடப் பார்க்கவில்லை, மதினியின் முடியைப் பிடித்துவிட்டான். ஆத்தா டின்னை என் கையில் திணித்தாள். உமியைப் போட்டேன். நாலு போடு போட்டிருப்பேன். கை நின்றுவிட்டது.

நல்லவளாகி நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். அந்த "அம்மா" மறுபடி வருமோ என்று காது கொடுத்தேன், அதில் கை நின்றது.

"போடுடி" என்றாள் ஆத்தா. நான் போடவில்லை. "ஒன்னையத்தான்டி, போடு." வீடு முழுக்க அடி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. இப்போது தெரு கேட்கும், பக்கத்து வீட்டு அத்தை ஓடி வரும், மாமா வந்து அண்ணன் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். நம்பியே நின்றேன்.

பக்கத்து வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மத்தியானம் ஒரு மணி வெயிலில் எந்த வீட்டில் நெல் குத்துவார்கள்? காலையில் குத்துவார்கள், இல்லையென்றால் வெயில் தாழ. இது பெண்பிள்ளை எவளுக்கும் தெரியும். அப்படியென்றால் என் கை நின்றதும் எனக்குப் பதிலாக அவர்கள் போடுகிறார்கள், என் உலக்கைச் சத்தம் என்னவென்று தெருவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நான் யாரை ஏமாற்றினேன்? அத்தனை பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. உலக்கையை அப்படியே போட்டுவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஆத்தா என் பாவாடையைப் பிடித்தாள். கிழிந்தது, நான் நிற்கவில்லை.

செருப்பில்லாத கால். கோயில் வாசல்வரை தரை கொதித்தது. பெரியவர் கோயில் நிழலில் படுத்திருந்தார், கூட இரண்டு பேர். டின்னை அவர் முன்னால் கவிழ்த்தேன்.

"என்னத்தா இது?"

"உமி. இதைத்தான் இடிச்சேன். மாவு இல்ல. அண்ணன் மதினிய அடிக்கும், நான் இதை இடிப்பேன். இப்பவும் அடிக்குது, வாங்க."

"போன தடவ சூடத்துக்கு முன்னால மாவுன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

அவர் உமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மன் முன்னால் போன வருஷம் என் வாக்கை எடுத்துக்கொண்டுவிட்டு இந்த வருஷம் அதே வாய் சொல்வதைத் தள்ள முடியாமல் அவர் முழித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் இன்னும் பெரியவளாகவில்லை. எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

அவர்கள் போய்த்தான் அடி நின்றது. மதினிக்கு இடது கை ஒடிந்திருந்தது. சிங்கம்புணரிக்கு ஆள் போனது. மறுநாள் காலையிலேயே அவள் அப்பா வந்துவிட்டார். கூட்டம் வெகுநேரம் நடக்கவில்லை. என்னைச் சூடத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள், நான் சொன்னேன், பெண்ணை அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் என்னைத் தொடவில்லை. அதற்கப்புறம் சாகும்வரை என்னோடு பேசவும் இல்லை.

மதினி ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பினாள். பெட்டியை அவள் அப்பா எடுத்துக்கொண்டார். பஸ் நிற்கிற இடம்வரை நானும் பின்னாலேயே போனேன். அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள், கன்னத்தைத் தொட்டு ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று எனக்கு ஆசை. ஆமாம், ஆசைதான். பன்னிரண்டு வயதில் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நினைப்பு.

பஸ் வந்தது. படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பினாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் புள்ளையோட போயிருப்பேன்" என்றாள்.

ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் வீட்டுக்கு வந்து, உரலில் கிடந்த உமியைக் கையால் அள்ளி வெளியில் போட்டேன்.