கல்லைப் பற்றிய படிப்பு

அரியலூர் போகும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் பையிலிருந்து ஒரு கல்நத்தையை எடுத்துத் துடைத்தாள். ஓடை மண்ணின் வாசனை வந்தது. எங்கள் ஊர் ஓடையின் வாசனை.

மழை விட்ட மறுநாள் அக்கா என்னை அங்கே இழுத்துக்கொண்டு போவாள். கரை அரித்த இடமெல்லாம் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் கிடக்கும். அம்மா சொரசொரப்பானதாகப் பார்த்து எடுத்துக் குதிகால் தேய்ப்பாள். அக்கா மட்டும் நாக்கில் வைத்துப் பார்ப்பாள்.

"இங்க கடல் இருந்திருக்குடி" என்பாள்.

அப்பா சிரிப்பார். "குடிக்கவே தண்ணியக் காணோம், கடலாம்!"

பன்னிரண்டாவது முடித்ததும் அப்பா அவளை டவுன் காலேஜுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். "கல்லப் பத்திப் படிக்கணும் சார்" என்றாள் அக்கா.

ஆபீஸில் இருந்தவர் அப்பாவிடம், "அப்படியெல்லாம் படிப்பு கெடையாதுங்க. பிகாம்ல எடம் இருக்கு, சேத்து வுடுங்க" என்றார். அப்பா தலையாட்டினார். அது சரிதானா என்று விசாரித்துச் சொல்ல, காலேஜ் வாசலை மிதித்தவர் எங்கள் தெருவில் யாருமில்லை.

பிகாம் அவளுக்கு ஏறவில்லை. பாதியில் நின்றாள். வேப்பந்தட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது பருத்தி எடுக்கப் போகிறாள்.

"என்னம்மா படிக்கிற?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"ஜியாலஜிங்க. இந்த மாதிரி கல்லு, பழைய கடல், இதப் பத்தித்தான்."

இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பருத்திக் காட்டில் யாரோ அவளை வேலைக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"அப்ப, அந்தப் படிப்பு இருந்துச்சாடி?" என்றாள்.