ஜன்னலை மூடச் சொன்னார்கள்

தம்பியின் உடலை எடுத்துவர நான்தான் போனேன். வடக்கே ஒரு சின்ன ஊரில் நூல் மில் சூப்பர்வைசராக இருந்தான். வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அம்மாவை என் கணவரிடம் விட்டுவிட்டு, சென்னை ஏர்போர்ட்டை ஒட்டிய பொழிச்சலூரிலிருந்து தனியாகக் கிளம்பினேன்.

அந்த ஊர் ஏர்போர்ட் விமானப்படைக்குச் சொந்தம். பயணிகளுக்கென்று ஓரமாக ஒரே ஒரு கூடம். திரும்பும் நாளில், தம்பியோடு அறையில் தங்கியிருந்த மதுரைக்காரர் சவப்பெட்டிக்கான காகிதங்களை முடித்துக் கொடுத்துவிட்டு வாசல்வரை வந்தார்.

"போர் விமானப் பயிற்சி நடக்குதாம்க்கா. அது முடிஞ்சாதான் நம்ம ப்ளைட்டை விடுவாங்க. ஏதாச்சும் சாப்ட்டுட்டு உள்ள போங்க."

ரொட்டி வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

உள்ளே மூன்று மணி நேரம். ஒவ்வொரு போர் விமானம் கிளம்பும்போதும் கண்ணாடிகள் அதிர்ந்தன. எங்கள் தெருவில் விமானம் தாழப் பறந்தால் பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். இங்கே நிறுத்துவதற்குப் பேச்சே இல்லை.

பயிற்சி முடிந்தபின், கண்ணாடிக்கு வெளியே தள்ளுவண்டியில் பெட்டி எங்கள் விமானத்துக்குப் போனது. ஏன் என்று தெரியவில்லை, போனில் படம் எடுத்தேன். துப்பாக்கியோடு நின்ற வீரர் வந்து, அழிக்கும்படி இந்தியில் சொன்னார்.

"அது என் தம்பி" என்றேன், தமிழில்.

பக்கத்து இருக்கைக்காரர் அதை இந்தியில் சொன்னார். வீரர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி மறுபடியும் அதையே சொன்னார். அழித்தேன். அழித்தவை சேரும் இடத்திலிருந்தும் நீக்கி, அவரிடமே காட்டினேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விமானம் கிளம்பும்போது ஜன்னல்களை மூடச் சொன்னார்கள். தளத்தை யாரும் பார்க்கக் கூடாதாம். மூடினேன். காலுக்குக் கீழே எங்கோ அவன் இருந்தான். ஜூஸ் கொடுத்தார்கள், குடித்தேன்.

வழியில் விமானம் மாறி, சென்னையில் சரக்குப் பிரிவில் கையெழுத்துப் போட்டு, வேனில் வீடு சேர மறுநாள் காலையாகிவிட்டது. அம்மா பெட்டியைத் தடவித் தடவி அழுதாள். நான் பந்தல்காரரிடம் எத்தனை நாற்காலி வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் எதிர்வீட்டு அக்கா கேட்டார்.

"நீ ப்ளைட்ல போனது அதான் மொதல் தடவை, இல்ல? பயமா இல்லியா?"

"இல்லக்கா. வரும்போது தூங்கிட்டேன்."

உண்மையாகவே தூங்கித்தான் போயிருந்தேன்.