தேசப்பன் ருசி பார்த்த ஒயின்

ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் தேசப்பனைச் சந்தேகப்பன் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவரும் திரும்பிப் பார்ப்பார். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார். தர்பூசணியை வெட்டினால் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுச் சாயம் இறங்குகிறதா என்று காத்திருப்பார். மகளைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளை வேலை பார்ப்பதாகச் சொன்ன கம்பெனி வாசலிலேயே போய் நின்று, அவர் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர். மாப்பிள்ளை தங்கமானவர். கல்யாணமாகிப் பேரன் பிறந்த பிறகும், "இப்பத்திக்கு நல்லவன்தான்" என்பார் தேசப்பன்.

தொழில் அப்படி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளுக்கு எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. லோடு வண்டி மேடையில் ஏறும்போது கிளீனர் சீட்டுக்கடியில் சுருண்டு படுத்திருப்பான். இரும்பை இறக்கிவிட்டுக் காலி வண்டி ஏறும்போது அவன் டீக்கடையில் நிற்பான். அவன் எடையும் இரும்பு விலைக்குப் போய்விடும். இப்படிப்பட்ட ஆட்களோடு பாதி ஆயுளைக் கழித்தவர், தார்ப்பாய் போட்டு மூடிய எதைப் பார்த்தாலும் முதலில் தார்ப்பாயை அவிழ்க்கத்தான் சொல்வார்.

எதிர்வீட்டு மாடியில் ஃப்ரெடி இருந்தார். ஆங்கிலோ இந்தியர். கப்பலில் சாப்பாட்டுக் கூடத்து ஸ்டூவர்டாக ஊரெல்லாம் சுற்றி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் ஷெரிலுக்குப் பெங்களூரில் வேலை. ஜனவரியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சர்ச்சில் பூசை முடிந்ததும் விருந்து இங்கே, ஃப்ரெடி வீட்டு மொட்டை மாடியில்தான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃப்ரெடி மாடியிலிருந்து தேசப்பனைக் கூப்பிட்டார். மேலே போனால், மேஜைமேல் மூன்று புட்டிகள். மூன்றையும் கழுத்துவரை நியூஸ் பேப்பர் சுற்றி மூடியிருந்தார். பக்கத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர்.

விஷயத்தை ஃப்ரெடி சொன்னார். கல்யாண விருந்தில் எல்லோரும் எழுந்து நின்று ஆளுக்கொரு டம்ளர் சிவப்பு ஒயினைத் தூக்கி மணமக்களை வாழ்த்துவது அவர்கள் வழக்கம். அத்தனை பேருக்கும் வெளிநாட்டுச் சரக்கு வாங்கக் கட்டாது. நம்மூர்க் கடையில் எல்லாருக்கும் கிடைக்கிற மலிவு ஒயினில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேரையும் விலையையும் பார்த்தால் நாக்கு ஏமாந்துவிடும். அதற்குத்தான் பேப்பர்.

"மனசைத் தொறந்து வெச்சிகினு குடி மேன். வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

தேசப்பன் உட்காரவில்லை. ஒயின்ஷாப் என்று பெயர்தானே தவிர, அங்கே ஒயின் கேட்டு நின்ற ஒருவரை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர் எப்போதாவது வாங்குவது பிராந்தி. அதையும் தலைகீழாகக் கவிழ்த்து நுரை பார்த்து, மூடியை நகத்தால் சுரண்டிப் பார்த்துத்தான் திறப்பார். ஒயின் குடித்துப் பழகிய சொந்தக்காரர்கள் ஃப்ரெடிக்குப் பெரம்பூர் முழுக்க இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு இரும்பு மார்க்கெட்காரனை ஏன் கூப்பிட வேண்டும்?

"இன்னாத்துக்குண்ணே என்னாண்ட?"

"நீதான் எதையும் லேசுல நல்லாகீதுன்னு சொல்ல மாட்டியே."

புகழ்ச்சி மாதிரி இருந்ததால் தேசப்பனுக்குச் சந்தேகம் கூடியது. ஃப்ரெடியை முதலில் குடிக்கச் சொன்னார். ஃப்ரெடி தயங்காமல் குடித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, தேசப்பன் டம்ளரை எடுத்தார்.

முதல் புட்டி ஒரே தித்திப்பு. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோகைக்கு வாங்கிக் கொடுத்த டானிக் நினைவு வந்தது. இரண்டாவது, நாவல் பழத்தைக் கொட்டையோடு கடித்த மாதிரி வாயை இழுத்தது. மூன்றாவதிலும் துவர்ப்புதான்; ஆனால் கொட்டைப் பாக்கின் துவர்ப்பு, வாயில் கொஞ்ச நேரம் நின்றது. மூன்றிலும் சாயம் கலந்திருப்பதாகத் தேசப்பன் தீர்ப்புச் சொன்னார். ஃப்ரெடி அதைக் கண்டுகொள்ளவில்லை. வாசனை எப்படி, எது மாதிரி, குடித்த பிறகு தொண்டையில் என்ன நிற்கிறது என்று துருவித் துருவிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதே ஒயின் அவர் மூக்குக்குக் கீழேயும் இருந்தது. அதை ஏன் என்னைக் கேட்கிறார் என்று யோசித்தபடியே தேசப்பன் படியிறங்கி வந்தார்.

அவர் மனைவி குப்பம்மா காசிமேட்டில் மீன் வாங்கி விற்பவர். புருஷன் வாய் நாற்றத்தை வாசற்படியிலேயே கண்டுபிடித்துவிட்டார். நடந்ததைக் கேட்டதும் அவருக்கும் அது சரியாகப் படவில்லை. "கப்பல்ல இருந்த ஆளு. எதுனா கொண்டாந்து பதுக்கி வெச்சிகினு, நாளைக்கு நம்ம வூட்ல வெக்கணும்னு கேப்பாரு. பாத்துக்கினே இரு" என்றார். தேசப்பனுக்கு இது தோன்றியிருக்கவில்லை. இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனது குடிக்க அல்ல, வேவு பார்க்க. பொரித்த நெத்திலி ஒரு தட்டில் கொண்டுபோனார். ஃப்ரெடி டம்ளரை மூக்கருகே கொண்டுபோய்ச் சுழற்றினார், கண்ணை மூடினார், தலையாட்டினார். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூட முதலில் சொல்லவில்லை. தேசப்பன் சொன்ன பிறகுதான் ஆமாம் என்றார். ஒவ்வொரு தடவையும் அப்படியே.

தேசப்பன் ஒரு பொய்யைப் போட்டுப் பார்த்தார். இரண்டாவது புட்டியில் கிராம்பு வாசனை வருகிறது என்றார். கிராம்பும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஃப்ரெடி உடனே, "ஆமா மேன், கிராம்பு. நல்லாத் தெரியுது" என்றார்.

அதோடு தேசப்பன் முடிவு கட்டிவிட்டார். இந்த ஆளுக்கு ஒயினைப் பற்றி எதுவுமே தெரியாது. கப்பல் கதையே புளுகு. இத்தனை வருஷமாகத் தெருவையே ஏமாற்றியிருக்கிறார்.

அன்று அவரைத் தொந்தரவு செய்த இன்னொரு விஷயம் மூன்றாவது புட்டி. நெத்திலிக்கு மேல் ஒரு வாய் குடித்தபோது, துவர்ப்புக்குப் பின்னால் கறுப்புத் திராட்சைத் தோலின் ருசி வந்தது. விழுங்கிய பிறகு, முதல் மழை விழுந்ததும் மார்க்கெட்டில் அடுக்கிய கம்பிகளிலிருந்து எழும்புமே, அந்த வாசனை. இன்னொரு வாய் குடித்தார். மலிவான சரக்கு எதற்கு இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தார். காலையில் தலைவலிக்கும் என்று எதிர்பார்த்தார். வலிக்கவில்லை. அதையும் அவரால் நம்ப முடியவில்லை.

மூன்றாம் வாரம் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று கிளம்பினார். மாடிப்படி பாதி ஏறும்போதே மூக்கில் ஏறியது, சமையல் காஸ். கதவு திறந்துதான் இருந்தது. ஃப்ரெடி மேஜைமுன் உட்கார்ந்து நிதானமாகப் புட்டிகளுக்குப் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தார். சமையலறையில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. காஸ் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. தேசப்பனைப் பார்த்ததும் ஃப்ரெடி சிரித்தார். தினமும் அந்த நேரத்துக்கு மனைவி படத்துக்கு முன்னால் ஏற்றும் மெழுகுவர்த்திக்காகத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார்.

தேசப்பன் கத்தவில்லை. பாய்ந்து அவர் கையைப் பிடித்துத் தீப்பெட்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தார். உள்ளே ஓடி சிலிண்டரை மூடினார். மற்ற ஜன்னல்களையும் திறந்தார். ஃபேன் சுவிட்சுக்குப் போன தன் கையைத் தானே இழுத்துக்கொண்டார். பிறகு ஃப்ரெடியைத் தோளோடு அணைத்துக் கீழே இறக்கி வந்து, தன் வீட்டு வாசற்படியில் உட்கார வைத்தார்.

குப்பம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஃப்ரெடி குடித்துவிட்டு டம்ளரைப் படியில் வைத்தார்.

"எனக்கு வாசனை தெரியாது தேசப்பா" என்றார். "அந்தக் கொரோனா காய்ச்சல் வந்துச்சே, அப்ப போனது. திரும்பவே இல்ல. வாயில வெச்சா உப்பு, புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, அவ்ளோதான். என் வைஃபோட டிரெஸ் பீரோவுல கீது. அத மோந்து பாத்தாக்கூட ஒண்ணும் தெரியல."

மீதியையும் மெதுவாகச் சொன்னார். டாக்டர், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாராம். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் இந்த வீட்டைக் காலி செய்து பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். சொந்தக்காரர்களிடமும் சொல்லவில்லை. ஒயின் என்றால் ஃப்ரெடிதான் என்று அவர்கள் வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெற்ற மகள் கல்யாணத்து ஒயினை ருசி பார்க்க முடியாத அப்பன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? தேசப்பன் என்றால், யாரையும் நம்பாததால் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டார். அதனால்தான் அவரைக் கூப்பிட்டது.

தேசப்பன் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "கிராம்பு வாசனல்லாம் இல்லண்ணே. நான் சும்மாங்காட்டியும் சொன்னேன்" என்றார்.

"அது எனக்கு எப்படி மேன் தெரியும்?" என்றார் ஃப்ரெடி. அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் தேசப்பனைக் குத்தியது.

ஒரு விஷயத்தில் மட்டும் தேசப்பன் இறங்கி வரவில்லை. ஒயினை யார் ருசி பார்த்தது என்பது ஃப்ரெடியின் இஷ்டம். ஆனால் காஸ் சமாச்சாரம் மகளுக்குத் தெரிய வேண்டும். கல்யாணத்துக்குள் ஃப்ரெடியே சொல்லவில்லை என்றால் தான் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அதுவரைக்கும் சாப்பாடு தங்கள் வீட்டிலிருந்து வரும் என்றார் குப்பம்மா. தேசப்பன் மாடிக்குப் போய் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, லுங்கியில் சுற்றிக் கீழே கொண்டுவந்து தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஃப்ரெடி சொல்பேச்சுக் கேட்பார் என்று அவர் நம்பவில்லை.

அதற்குப் பிறகு ருசி பார்ப்பது கஷ்டமாகிவிட்டது. ஃப்ரெடி ஏமாற்றுகிறார் என்று நினைத்தவரைக்கும் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடிந்தது. இப்போது இவர் சொல்வதைத்தான் ஃப்ரெடி நம்பியாக வேண்டும். தேசப்பன் முதல் தடவையாகத் தன் நாக்கையே சந்தேகப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெற்றிலை போடுவதை நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு, டம்ளர்களை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். இரண்டு முறை அதே மூன்றாவது ஒயினைச் சரியாக எடுத்தார். அடுத்த முறை இரண்டாவதை எடுத்துவிட்டு, அதுதான் மூன்றாவது என்று அடித்துச் சொன்னார். வெட்கமாகப் போய்விட்டது. குப்பம்மாவைக் கூப்பிட்டு ஒரு வாய் பார்க்கச் சொன்னார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மூன்றையும் நாக்கில் வைத்தவர், "இது ரெண்டும் கலீஜ். இது மட்டும் சோத்தோட எறங்கும்" என்று காட்டியது மூன்றாவது புட்டியை. பேப்பரை உரித்தார்கள். நாசிக் பக்கத்துச் சரக்கு. கடையில் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடப்பதைத் தேசப்பன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

கல்யாணத்தன்று மாடியில் பந்தல் போட்டு, நிறைய ஜனம். டிசம்பர் முழுக்கப் போனில் பேசியும் ஃப்ரெடி மகளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. தேசப்பன் புதுச் சட்டையில், கையில் டம்ளரோடு, ஓரமாக நின்று ஃப்ரெடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கேக் வெட்டியதும் ஃப்ரெடி எழுந்தார். டம்ளரைத் தூக்கினார். வாழ்த்து சொல்வதற்கு முன்னால், இந்த ஒயின் எப்படி இருக்கிறது என்று தனக்குத் தெரியாது, தன் மூக்கு போய் ரொம்ப நாளாகிறது, இதைத் தேர்ந்தெடுத்தவர்கள் எதிர்வீட்டுத் தேசப்பனும் குப்பம்மாவும் என்றார். காஸ் கசிந்ததையும் சொன்னார். அதுவரை இங்கிலீஷில் பேசியவர், அதை மட்டும் தமிழில் சொன்னார்.

ஷெரில் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டாள். அப்பாவிடம் போகாமல், கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகத் தேசப்பனிடம் வந்தாள்.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும் அங்கிள்?"

மறைக்காமல் சொன்னார். ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்டாள். ரெகுலேட்டர் தன் வீட்டில் இருப்பதை மட்டும் சொன்னார். அவள் திரும்பிப் போய், அப்பா பக்கத்தில் நின்று, அந்த டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

ஒயினைப் பற்றிப் பல அபிப்பிராயம். வயதான பெண்கள் சிலர் புளிக்கிறது என்று சோடா ஊற்றிக்கொண்டார்கள். ஒருவர் குடிக்காமலே பூந்தொட்டியில் கொட்டினார். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார். மரியாதைக்குக் கேட்கிறாரா, நிஜமாகவே பிடித்திருக்கிறதா என்று தேசப்பன் கடைசிவரை அவரைக் கவனித்தார். சித்தப்பாவின் டம்ளர் காலியான பிறகுதான் நெத்திலித் தட்டுப் பக்கம் நகர்ந்தார்.

ஷெரில் அப்பாவைப் பெங்களூருக்குக் கூட்டிப் போகத்தான் செய்தாள். ஈஸ்டர் முடிந்ததும் ஃப்ரெடி திரும்பி வந்துவிட்டார். அங்கே பேச ஆளில்லை என்றார். கூடவே மகள் வந்து, காஸ் கசிந்தால் அலறும் ஒரு சின்னப் பெட்டியைச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். தேசப்பன் அந்தப் பெட்டியை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேலே வந்ததும் சிகரெட் லைட்டரைப் பற்ற வைக்காமல், காஸ் மட்டும் வரும்படி அதன் முன்னால் அழுத்துவார். அது அலறிய பிறகுதான் நாற்காலியில் உட்காருவார்.

போன மாதம் ஒருநாள் ஃப்ரெடி, காலையில் காபி வாசனை லேசாக வந்த மாதிரி இருந்தது என்றார். குப்பம்மா கைகூப்பினார். தேசப்பன் எழுந்து ஃப்ரெடியைக் கண்ணை மூடச் சொன்னார். சமையலறைக்குப் போய் ஒரு வெங்காயத்தை உரித்துக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

ஃப்ரெடி இழுத்து மூச்சு விட்டார். "காபி" என்றார்.

தேசப்பன் வெங்காயத்தை மேஜைமேல் வைத்தார். "இன்னும் வரலண்ணே" என்றார். "அடுத்த வாரம் பாக்கலாம்."